ஒருநாளும் பேசினதில்லை

டிசம்பர் 8, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. சபைச் செயலாளர் எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுதணும், திரும்பி வந்ததும் கமிட்டி வாசிக்கும்" என்று சொன்னதால்தான் எழுதுகிறேன். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கும்போது உதவிக்குப் போகிறவள் பக்கம் பக்கமாக எழுதுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. பரீட்சைத் தாளைத் தவிர வேறெங்கும் நான் நீளமாக எழுதியதில்லை. வாசிக்கிற பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று முதல்முறையாக விமானத்தில் ஏறினேன். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம். சிறிய விமானம்; ஜன்னலுக்கு வெளியே விசிறி சுற்றுவது தெரிந்தது. பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அம்மா, "ஏட்டி, மேல போகும்போது கீழ பாத்துராத" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் முழு நேரமும் கீழேதான் பார்த்தேன். கடலில் ஒரு படகு நின்றது. அதன் பின்னால் வெள்ளைக் கோடு, சிலேட்டில் நகத்தால் கீறியதுபோல. அவ்வளவு பெரிய தண்ணீரில் அவ்வளவு சிறிய மனிதர் ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது மூச்சு நின்று வந்தது.

"என்னட்டி எப்சிபா, ஜெபம் பண்ணுதியா, தூங்குதியா?" என்று பக்கத்திலிருந்த கிறிஸ்டில்டா அக்கா கேட்டார். அவர்தான் எங்கள் குழுவின் நர்ஸ்.

"பாக்கேன் அக்கா."

"பாரு பாரு. போட்ட பெல்ட்டை மட்டும் அவுத்துராத."

குழுத் தலைவர் ஆசீர் அண்ணன் மின்வாரியத்தில் வேலை செய்கிறார். இறங்கியதும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "படிவம் எல்லாம் எப்சிபா கையில. எனக்கு வாரது கரண்டு ஆபீஸ் இங்கிலீஷ்தான். இவ பி.ஏ. இங்கிலீஷ்லா படிச்சிருக்கா." எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். என் ஆங்கிலத்தை இதுவரை யாரும் ஒரு வேலைக்கும் கேட்டதில்லை. வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. நடந்தபடி எழுதச் சொன்னதால் பெருமையையும் எழுதுகிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வன்னியில் நாவலடிக்குளம் என்ற கிராமம். பதினொரு நாளுக்கு முன் குளத்தின் கட்டு உடைந்திருக்கிறது. குளம் என்றதும் எங்கள் ஊர்க் குளத்தை நினைத்திருந்தேன். இந்தக் குளத்துக்கு மறுகரையே தெரியவில்லை. உடைந்த இடத்தில் நின்று பார்த்தால் ஒரு தெருவே நுழைந்து போகலாம். அவ்வளவு அகலம்.

ஒரு குட்டைப் பனையின் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நேராக உட்கார்ந்திருக்கிறது. யாரும் இறக்கவில்லை. எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு குடும்பங்கள். நாங்களும் அங்கேதான், கடைசி வகுப்பறையில். கரும்பலகையின் மேல் பாதியில் ஒரு கணக்கு அப்படியே இருக்கிறது. கீழ்ப் பாதியைத் தண்ணீர் அழித்துவிட்டது. விடை கீழ்ப் பாதியில் இருந்திருக்கும்.

டிசம்பர் 10, புதன்

எங்கள் முக்கிய வேலை கிணறு. வெள்ளம் ஏறின கிணற்று நீரைக் குடிக்க முடியாது. முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊற்று நிரம்பிய பிறகு குளோரின் போட வேண்டும். ஊரில் அறுபத்து மூன்று கிணறுகள். இன்று இரண்டு முடித்தோம்.

இறைக்கிற பம்ப் குணநாயகம் என்பவருடைய லாண்ட்மாஸ்டரில் ஓடுகிறது. இரண்டு சக்கரமும் நீளமான இரண்டு கைப்பிடியும் உள்ள சிறிய உழவு இயந்திரம் அது. வெள்ளத்தில் மூழ்கியதைக் கழற்றி, துடைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி பூட்டியிருக்கிறார். இந்த ஊரில் முதலில் உயிர் பெற்ற இயந்திரம் அதுதானாம். சத்தம் கேட்டு முகாமே வெளியே ஓடி வந்து பார்த்ததாகச் சொன்னார்கள். அவர் கழுத்தில் ஒரு சாரத்துண்டைச் சுற்றியிருக்கிறார். எதைக் கேட்டாலும் தலையசைப்புதான். கிறிஸ்டில்டா அக்கா அவருக்கு உப்பு கொடுத்து வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

முகாம் சமையலைப் பூரணம் அக்கா நடத்துகிறார். வெங்காயம் உரிக்கப் போன என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, நீர் கதைக்கிறது படத்தில கதைக்கிற மாதிரியே கிடக்கு. இன்னொருக்காச் சொல்லும்."

"சாப்பிட்டாச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். வீடு போன பெண்கள், சோறு வடித்துக்கொண்டே, என் ஒரு சொல்லுக்கு அப்படிச் சிரித்தார்கள். வெட்கம் போய்விட்டது. மூன்று சொற்கள் கற்றேன். கதைக்கிறது என்றால் பேசுவது. கெதியாய் என்றால் சீக்கிரம். வடிவு என்றால் அழகு. எளிதாகத்தான் இருக்கிறது. ஒரே தமிழ்தானே.

டிசம்பர் 11, வியாழன்

இன்று சிறுவர் படிவம். முகாமிலுள்ள பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சிறுவர் அலுவலர் திருமதி ஹேமமாலி வெள்ளத்துக்காகத் தெற்கிலிருந்து அனுப்பப்பட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் எழுதுவதை வாசித்துத்தான் பெற்றோரை இழந்த பிள்ளை யாரோடு இருப்பது என்று தீர்மானிப்பார்.

யதுசாவுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் நோயில் போய்விட்டார். ஐந்து வருடத்துக்கு முன் தாய் குணநாயகத்தை மணந்திருக்கிறார். குளம் உடைந்த அன்று கன்றை அவிழ்த்து விடப் போன தாய் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்ததாம். இப்போது யதுசாவுக்கு இருப்பது தாயின் இரண்டாம் கணவரான இந்தச் சிற்றப்பன் ஒருவர்தான். ரத்த உறவு இல்லை.

ஏழாவது கேள்வி, பொறுப்பாளர் பிள்ளையோடு எப்படிப் பழகுகிறார் என்பது.

"சித்தப்பா உன்னோட பேசுவாரா?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. சித்தப்பா என்னை ஒருநாளும் பேசினதில்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

"அம்மா இருந்தப்ப?"

"அம்மாதான் சித்தப்பாவைப் பேசுவா. அவர் சிரிச்சுக்கொண்டு அங்கால போயிடுவார்."

"என்னோடு" என்பதைக் குழந்தை "என்னை" என்கிறாள் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். சொல்லும்போது தலையை நிமிர்த்தி, பரிசு வாங்கியதைச் சொல்கிறவள்போல் சிரித்தாள். துக்கத்தைப் பிள்ளைகள் சிரிப்பில் மறைப்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். 

படிவத்தில் எழுதினேன்: "சிற்றப்பன் இந்தக் குழந்தையோடு ஒருநாளும் பேசியதில்லை. மனைவி பேசினாலும் சிரித்து ஒதுங்கிப் போகிறவர். குழந்தை தன் வேதனையை மறைக்கிறது." ஆங்கிலத்தில் நன்றாகவே வந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மழை. கிணறு இல்லை. படிவம் முப்பத்தெட்டும் முடிந்தன. துணி காயவில்லை.

டிசம்பர் 13, சனி

நாலு கிணறு. ஒன்றின் அடியில் ஒரு தையல் மெஷின் கிடந்தது. குணநாயகம்தான் கயிறு கட்டி ஏற்றினார். உடையவள் அதன் சக்கரத்தைக் கையால் தள்ளினாள். சுற்றியது. அந்தப் பெண் அழவில்லை. மெஷினின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுவதுபோல.

அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். காலையில் யதுசாவுக்குத் தலை சீவி இரட்டைப் பின்னல் போட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு சொல் இல்லை. மத்தியானம் தன் தட்டிலிருந்த பொரித்த மீனை அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு சொல் இல்லை. அவள் நனைந்த பாடப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாக வெயிலில் பிரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து பறக்காமல் கூழாங்கல் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதும் ஒரு சொல் இல்லை. எப்படி ஒரு மனிதரால் இப்படி இருக்க முடிகிறது என்று கோபம் வந்தது. யதுசாவைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நான் நிறையப் பேசினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இங்குள்ள சிறிய தேவாலயத்தில் ஆராதனை. வெள்ளத்தில் மிதந்த பெஞ்சுகள் பலிபீடத்தின்மேல் போய்க் குவிந்திருந்தனவாம். அவற்றை இறக்கிக் கழுவி வைத்திருந்தார்கள். பாட்டுப் புத்தகங்கள் வெளியே கொடியில் துணிபோலக் காய்ந்துகொண்டிருந்தன. அதனால் எல்லாரும் மனப்பாடமாகப் பாடினார்கள். மறந்த இடத்தில் ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் எடுத்தார். அப்படியே எந்த அடியும் விழாமல் பாட்டு கடைசிவரை வந்துவிட்டது. எங்கள் சபையில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இத்தனை வருடம் பாடியிருக்கிறேன். பாட்டை இப்படிக் கை மாற்றிக் கை மாற்றிச் சுமக்கலாம் என்று தெரியாது.

குணநாயகமும் யதுசாவும் நெற்றியில் திருநீற்றோடு வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. ஆனால் முடியும்வரை போகவும் இல்லை. அவர் உதடு பாட்டோடு அசைந்ததுபோல் இருந்தது. சத்தம் இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

திருமதி ஹேமமாலி வந்தார். நல்லவர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். எல்லாப் படிவங்களையும் வாசித்துவிட்டு யதுசாவுடையதைத் தனியே எடுத்து வைத்தார். ரத்த உறவும் இல்லை, பேச்சும் இல்லை. இப்படிப்பட்டவரிடம் ஒரு பெண்பிள்ளையை விட்டுப்போக முடியாது என்றார். வவுனியாவில் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. புதன்கிழமை காலை வாகனம் வரும். "தெளிவாக எழுதியிருக்கிறாய்" என்று என்னிடம் சொன்னார்.

குணநாயகத்திடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. லாண்ட்மாஸ்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஏன்?" என்றார். குரல் உடைந்து காற்றாக வந்தது. இத்தனை நாளில் அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சொல்.

"குழந்தை சொன்னதை வச்சுத்தான்."

"பிள்ளை சொன்னவளோ?"

"ஆமா."

படிவத்தில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதற்குமேல் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி மூடிவிட்டு, "எத்தினை மணிக்கு வாகனம்?" என்றார்.

எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுவே நாம் எழுதியதற்குச் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கிறிஸ்டில்டா அக்காவிடம் ஊசியும் நூலும் வாங்கிப் போய், யதுசாவின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முதுகில் சாய்ந்திருந்தாள். "நான் போகேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் சமையலுக்கு உதவப் போனேன். மனது எங்கோ இருந்தது. குளோரின் அளக்கிற கோப்பையால் பருப்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பூரணம் அக்கா பார்த்துவிட்டார்.

"உமக்கென்ன கண் பொட்டையே? நூற்றைம்பது பேரின்ர பருப்பு! மருந்துக் கோப்பைக்கும் தண்ணிக் கோப்பைக்கும் வித்தியாசம் தெரியாதோ? படிச்ச பிள்ளையாம், படிச்ச பிள்ளை! தள்ளும் அங்கால!"

சட்டியோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டினார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே தேடி வந்தார். கையில் தேநீர்.

"பிள்ளை, நான் பேசினதை மனசில வச்சிருக்காதையும்."

"பரவாயில்லக்கா. நீங்க பேசிருந்தா பரவாயில்ல. திட்டிட்டீங்க."

"அதைத்தானே சொல்லுறன். பேசினது."

"இல்லக்கா, திட்டுனீங்க."

"ஓம், பேசினன். பேசினன் எண்டுதானே சொல்லுறன்?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கள் ஏசினதை என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

தேநீரை வாங்கவில்லை. "அக்கா, ஒருத்தர் இன்னொருத்தரை ஒருநாளும் பேசினதில்லன்னா..."

"ஒரு சுடுசொல் சொன்னதில்லை எண்டுதான் அர்த்தம். ஆரைச் சொல்லுறீர்? எங்கட குணநாயகத்தையோ? அந்த மனுசன் ஆட்டைக்கூடப் பேசாது."

நான் ஓடிப்போய்ப் படிவத்தின் நகலை எடுத்தேன். அந்தக் குழந்தை சரியான தமிழில் சரியான வேற்றுமையோடு சொல்லியிருக்கிறாள். சித்தப்பா என்னை ஒருநாளும் பேசினதில்லை. பரிசு வாங்கியதுபோலச் சிரித்தது, பரிசுதான் வாங்கியிருந்ததால். திருத்தியவள் நான்.

ஆசீர் அண்ணனிடம் சொன்னேன். அவர் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. "காலைல அந்தம்மா வரும்போது சொல்லிக்கலாம். 'கூடுதல் தகவல் கிடைத்தது'ன்னு ஒரு வரி போடு. தப்புன்னு எழுதணும்னு இல்லம்மா. ஒண்ணு தப்புன்னா நம்ம படிவம் அத்தனையும் சந்தேகப்படுவாங்க."

"சந்தேகப்படட்டும் அண்ணே. அந்தச் சொல்லு இன்னும் எத்தன படிவத்துல இருக்குன்னு எனக்கே தெரியல."

நான் யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசினதில்லை. என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அப்ப நீயே சொல்லு. உன் வாயாலயே சொல்லு."

குணநாயகத்தின் வகுப்பறை வாசல்வரை போனேன். ஒரு பையில் அவள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். காய்ந்த பாடப் புத்தகம் மேலே இருந்தது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஆண்டவரே, நாளைக்கு எனக்கு வாயைத் தாரும்.

டிசம்பர் 17, புதன்

வாகனம் எட்டரைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் றிஸ்வான். சிங்களமும் தமிழும் தெரிந்தவர். திங்கட்கிழமையும் வண்டிக்குள் இருந்திருக்கிறார். அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தமிழுக்குத்தான் நான் இருந்தேனே.

நான் திருமதி ஹேமமாலியின் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் தவறாக எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு என் ஊரில் ஓர் அர்த்தம், இங்கே வேறு அர்த்தம். கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். அவர் அவளோடு பேசியதில்லை என்று எழுதினேன். அவள் சொன்னது, அவர் அவளை ஏசியதில்லை என்று.

"ஒருமுறைகூடவா?" என்றார் அவர்.

"ஒருநாளும் என்றாள்."

"என் பிள்ளைகளைக் கேட்டால் என்னைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள்." சிரிக்கவில்லை. படிவத்தை மறுபடி வாசித்தார். "ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு வருகிறாய். நான் எதை நம்புவது? பிள்ளையையே மறுபடி கேட்போம். நீ கேட்க வேண்டாம்."

அது நியாயம்தான். நான் பின்னால் தள்ளி நின்றேன்.

றிஸ்வான் அண்ணன் யதுசாவின் முன்னால் குந்தினார். "மகள், சித்தப்பா உங்களோட கதைக்கிறவரோ?"

"கதைக்கிறவரோ எண்டோ?" அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "துவங்கினா நிப்பாட்ட மாட்டார்! அம்மா 'வாயை மூடப்பா' எண்டு பேசுவா. இப்பதான் தொண்டை அடைச்சுப்போச்சு."

"ஏன் அடைச்சது?"

அதன்பிறகு அவள் சொன்னதை நான் அவள் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

"தண்ணி வந்தோடன சித்தப்பா என்னைப் பாலை மரத்தில ஏத்தினவர். பின்னேரம் ஏறினது, அடுத்த நாள் மத்தியானம்தான் போட் வந்தது. நித்திரை கொண்டா விழுந்திடுவன் எண்டு கதைச்சுக்கொண்டே இருந்தவர். கீழ பாக்க வேண்டாம், என்ர வாயைப் பார் எண்டவர். கதையெல்லாம் முடிஞ்சு போச்சு. பிறகு லாண்ட்மாஸ்டர் சாமானெல்லாம் சொல்லித் தந்தவர். பிழை விட்டா முதலில இருந்து சொல்ல வேணும். விடிய அவருக்குச் சத்தம் வரேல்லை. அப்பவும் வாயை அசைச்சுக்கொண்டே இருந்தவர். நான் வாயைப் பார்த்துச் சொன்னனான்."

றிஸ்வான் அண்ணன் சிங்களத்தில் சொல்லச் சொல்லத் திருமதி ஹேமமாலி கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போது சொல்வாளா?" என்றார்.

யதுசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஃப்ளைவீல், பிஸ்டன், பிஸ்டன் ரிங், கொனெக்டிங் ரொட், வால்வு, டீசல் பம்ப், ஃபேன் பெல்ட்..."

"நொசில்."

அவள் விட்ட பெயர் பின்னாலிருந்து வந்தது, காற்றைவிடக் கொஞ்சம் பெரிய சத்தமாக. குணநாயகம் பையைத் தோளில் மாட்டியபடி லாண்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஃப்ளைவீல், பிஸ்டன்..." என்று முதலிலிருந்து தொடங்கினாள். இருபத்தேழு சாமான்களையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

பதினெட்டு மணி நேரம் பேசிப் பேசிக் குரலையே கொடுத்த மனிதரை, பேசாதவர் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்தப் பாலை மரத்தின் முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்போல் இருந்தது. மத்தியானம் போனேன். நின்றேன். தண்ணீர்க் கறை என் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே இருக்கிறது.

வாகனம் வெறுமையாகத் திரும்பியது. யதுசாவின் கோப்பு மூடப்படவில்லை, மாதம் ஒருமுறை திருமதி ஹேமமாலி வந்து பார்ப்பாராம். புதிய படிவம் கேட்டார். "பிள்ளை சொன்னதை அவளுடைய சொல்லிலேயே மேலே எழுது. உன் ஆங்கிலத்தை அதற்குக் கீழே எழுது" என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் பூரணம் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு முப்பத்தேழு பேரையும் மறுபடி கேட்டேன். "எங்கட சனம் எத்தினை பதிவு பதிஞ்சிருக்கும், பிழை எண்டு திரும்பி வந்த ஆளை இப்பதான் பாக்கிறம்" என்றார் ஒருவர். பாராட்டா, குத்தலா தெரியவில்லை. இன்னும் இரண்டு படிவங்களில் அதே சொல் இருந்தது. திருத்தினேன்.

பிறகு எங்கள் பங்கில் கடைசிக் கிணற்றடிக்குப் போனேன். குணநாயகம் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார். நேற்று எல்லார் முன்னிலும் நான் சொன்னது ஆங்கிலம். அவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணே, அன்னைக்கு 'குழந்தை சொன்னதை வச்சு'ன்னு சொன்னேன்லா. அவ தப்பா ஒண்ணும் சொல்லல. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் குழாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப பிள்ளை என்னைக் குறையா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லண்ணே. ஒருநாளும் என்னைப் பேசினதில்லன்னு சொன்னா. பெருமையாச் சொன்னா. எனக்குத்தான் அர்த்தம் தெரியல."

கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். சாரத்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூண்டு நாளா," என்றார், ஒவ்வொரு சொல்லாக, "நான் என்ன செய்தனான், என்ன செய்தனான் எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தன். அவளிட்டக் கேக்கவும் பயம்."

அந்த மூன்று நாளை என்னால் திருத்தி எழுத முடியாது.

"என்னை ஏதாவது பேசுங்கண்ணே," என்றேன். அந்த ஊர் அர்த்தத்தில்தான் சொன்னேன்.

பின்னால் வந்து நின்ற பூரணம் அக்காவும் சேர்ந்துகொண்டார். "ஓம் குணம், நாலு பேச்சுப் பேசி விடு. அந்தப் பிள்ளைக்கும் மனசு ஆறும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே முயன்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையை ஆட்டினார். "அது எனக்கு வராது பிள்ளை." குழாயின் நுனியை என் கையில் கொடுத்தார். "இதைப் பிடியும். கவனம், வழுக்கும்."

மாலைவரை பிடித்திருந்தேன். கலங்கலாக வந்த தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்து, கடைசியில் அடியிலிருந்த வெள்ளை மணல் தெரிந்தது. ஊற்று அதைக் கிளப்பிக் கிளப்பி ஆட்டிக்கொண்டிருந்தது. யதுசா குனிந்து பார்த்து, "கொதிக்குது" என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

விமானத்தில் எழுதுகிறேன். கிறிஸ்டில்டா அக்கா தூங்குகிறார். ஆசீர் அண்ணன் என் நோட்டை வாங்கி வாசித்தார். 'கூடுதல் தகவல்' பற்றிய இடத்தை அடித்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் நாளிலிருந்தே கேட்க நினைத்தது வேறு: ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல என்னை எழுப்ப வேண்டாம், எனக்குக் கூட்டத்தின் முன் நிற்க வராது என்பது. அது இப்போது வேண்டாம். எழுப்புங்கள், நிற்கிறேன். யதுசா சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். பிறகு நான் எழுதியதையும் வாசிக்கிறேன்.

முடித்ததும் வழக்கம்போல் கைதட்ட வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர் எழுந்து என்னைப் பேசுங்கள். குணநாயகம் தனக்கு வராது என்றுவிட்டார்; அது வருகிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள்.

நன்றாகப் பேசிவிட்டு, என்னை மறுபடி அனுப்புங்கள்.